சிவப்பு நூல்

இரும்புக் கவசத்தைப் பார்த்து மிரளுகிறவர்கள் அதை ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும். அது எங்கள் தோள்பட்டையைக் கடித்தே தின்றுவிடும். எலும்பைக் காப்பது அடியில் போடும் மெத்தைச் சட்டைதான். அடித்து இறுக்கிய கம்பளி. தண்ணீர் பட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதன்மேல் ஆட்டுத்தோல் உறை மாட்டுவோம். என் உறையை நான் இரண்டு குடுவை மதுவுக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, டான்யூப் நதியில் விழும் கிளையாற்றைக் கடக்க எங்கள் படைக்கு உத்தரவு வந்தது. என் சட்டை ஊறிப்போய்க் கல்லாகக் கனத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினால் கரையேற மாட்டேன் என்று பயந்தேன். கூடாரத் தோழன் பெல்லிகஸ் கழுதைக்குச் சேணம் கட்டப் போயிருந்தான். அவன் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த காய்ந்த சட்டையை எடுத்துக்கொண்டு, என்னுடையதைத் திணித்து வைத்தேன்.

அவன் சட்டையின் கழுத்தோரம் அவன் தங்கை சிவப்பு நூலால் தையல் போட்டிருந்தாள். அதைப் பாளையத்தில் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடித்தவன் அவன். நான் கழுத்துத்துணியால் அதை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தவன் மாட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். "என்னடா, எருமை மாதிரி கனக்குது?" என்றான். கூடாரம் ஒழுகியது என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

ஒருவன் கவசத்தை மற்றவன்தான் கட்டிவிட வேண்டும், எங்கள் வழக்கம் அது. முதலில் அவனுக்கு நான் கட்டினேன். வாரை இழுக்க இழுக்க என் விரலில் தண்ணீர் வழிந்தது. பிறகு அவன் எனக்குக் கட்டினான். என் பருத்த வயிற்றைக் கிண்டலடித்தபடியே கட்டிக்கொண்டு வந்தவன், கழுத்தருகில் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். துணி நழுவியிருந்தது.

நூற்றுவர் தலைவன் தோசிலிஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டே எங்களை நெருங்கினான். கூடாரத் தோழனிடம் திருடினால் தடியடி. அடிப்பதும் கூடாரத் தோழர்களே, உயிர் போகும்வரை. பெல்லிகஸ் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் துணியை மேலே இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"கழுத்த மூடிக்கடா லுப்போ. காத்து அடிக்குது."

ஆறு இடுப்பளவுதான். நடுவில் அவன் கால் வழுக்கியது. எனக்கும்தான் வழுக்கியது; நான் எழுந்துவிட்டேன். அவன் முட்டி போட்டு எழப் பார்த்தான், முடியவில்லை. கையைப் பிடித்தேன். அந்தப் பாரம் என் பிடியிலிருந்து அவனை உருவிக்கொண்டு போயிற்று. அதைக் கட்டிவிட்டவன் நான்.

மதியம் கீழ்த்துறையில் அவனைக் கண்டெடுத்தோம். கவசத்தைக் கழற்றினோம். தோசிலிஸ் குனிந்து உள்சட்டையின் கழுத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"இவன் தங்கச்சி போட்ட செகப்புத் தையல் எங்கடா?"

மற்ற யாருக்கும் தெரியவில்லை. ஆற்றில் அறுந்து போயிருக்கும் என்று ஒருவன் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். செத்தவனே என்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் போயிருந்தான். அந்த நினைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்ட இருக்கு," என்று சொல்லிக் கழுத்துத்துணியில் கை வைத்தேன்.

பெல்லிகஸ் போட்ட முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க நேரமாயிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.