இரண்டு வடமும் ஒரு பரிவட்டமும்

இலங்கையில் கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மாரியம்மன் தேர் பேக்டரி மேட்டில் ஏறும்போது எந்த வடம் முந்துகிறதோ, அதை முன்னால் நின்று இழுப்பவன் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். போன வருசம் வலது வடத்து வீரபத்திரனுக்குக் கட்டினார்கள். இடது வடத்து அழகுமுத்துவுக்கு அன்றிலிருந்து குடிக்கிற தேத்தண்ணியெல்லாம் கசாயம். வீரபத்திரன் அந்நியனில்லை, பெண்டாட்டியின் அண்ணன். பரிவட்டத்தோடு பத்து நாள் தூங்கினானாம். அந்தப் பத்து நாளும் அழகுமுத்து கண்ணே மூடவில்லை.

இந்த வருசம், 1957-இல், மேட்டடியில் தேர் நின்றதும், "சேந்து இழுத்தா யாரு இழுத்தான்னு யாருக்குத் தெரியும்? விலகி இழுங்கடா!" என்றான் அழகுமுத்து. இடது வடம் தேயிலைக்குள் இறங்கியது. வீரபத்திரன் விடுவானா? வலது வடத்தைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் இறக்கினான்.

இருநூறு பேர் இழுத்த இழுப்பில் நுவரெலியாவே நாலடி கிட்டே வந்திருக்கும். தேர் அசையவில்லை.

"என்னா மச்சான், சோறு திங்கலயா?" என்றான் வீரபத்திரன்.

"ஒன் தங்கச்சி ஆக்குன சோறுதான் மச்சான்! அதான் இப்புடி!"

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் முத்துலிங்கம் குடையோடு வந்தார். ஈர்க்குச்சி உடம்பு, வடத்தைத் தொட்டால் வடம்தான் அவரை இழுக்கும். குடை நுனியால் சகதியில் கோடு கிழித்தார்.

"ஒரு வடத்துக்கு ஆயிரம் ராத்தல் இழுவைன்னு வைங்க. ஒண்ணு பத்து மணிப் பக்கம், இன்னொண்ணு ரெண்டு மணிப் பக்கம் போகுது. அப்போ ஒவ்வொண்ணுலயும் பாதிதான் முன்னால இழுக்கும்; ரெண்டும் சேந்து ஆயிரந்தான். மேடும் சகதியும் பின்னால இழுக்குறதும் ஆயிரம். மிச்சம்?"

"சைபருங்க" என்றது கூட்டம்.

"தேரோட வேகமும் அதுதான். ரெண்டு வடமும் பன்னெண்டு மணிக்கு நேரா வரட்டும். ஆயிரம் மிஞ்சும். தேரு பத்தாயிரம் ராத்தல்; செக்கனுக்குச் செக்கன் மூணடி வேகம் ஏறும்."

அழகுமுத்துவுக்கு வயிறு எரிந்தது. மச்சான் தோளோடு தோள் ஒட்டுவதா? மேலே பார்த்தான். அம்மன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஒட்டினான்.

தேர் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பூசாரியின் மணி ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம். மேட்டு உச்சியில் கட்டை போட்டிருக்காவிட்டால் அம்மன் ஹட்டனில் ரயிலேறியிருப்பாள்.

"எந்த வடம் முந்துச்சு?" என்று கேட்டார் கோயில் தலைவர். ஒருவருக்கும் தெரியவில்லை. வடமே தொடாத வாத்தியார் தலையில் பரிவட்டத்தைக் கட்டிவிட்டார்!

அழகுமுத்து அந்தப் பரிவட்டத்தைப் பார்த்தான். மெல்லப் பக்கத்தில் திரும்பினான். மச்சானின் வெறுந்தலை வெயிலில் பளபளத்தது.

"தாயே!" என்று மனசாரக் கும்பிட்டான். அன்றைக்குக் குடித்த தேத்தண்ணி, சீனி போடாமலே இனித்தது.