கட்டியாச்சு, இழு

மரம் வெட்டப் போகும் இடத்தில் அவளுடைய கண் கயிற்றின் மேல் இருக்கும், காது கணவன் மேல் இருக்கும். பத்து வருடமாக அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

ஏறுகிறவன் அவன். எல்லோரும் அவனை அணில் என்பார்கள். உச்சியில் கப்பியை மரத்தோடு கட்டுவது அவன் வேலை. அடிமரத்தில் இரும்பு உருளையைக் கட்டுவதும், வெட்டிய கிளையை, அந்தக் கப்பி வழியாக வந்து உருளையில் சுற்றிய கயிற்றால் மெல்ல இறக்குவதும் அவள் வேலை. இலைகளுக்குள் அவன் தெரியமாட்டான். "கட்டியாச்சு, இழு" என்று குரல் மட்டும் வரும். உடனே அவள் தன் பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டுத் தொங்குவாள். மேலே முடிச்சு இறுகி மரத்தைக் கவ்விக்கொண்டது என்று தெரிந்த பிறகே அவன் வாளைத் தொடுவான்.

அன்றைய மரம் ஒரு வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாள்.

"உங்களுக்கு முன்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க. வரும்போது ஒரே சிரிப்பு. போகும்போது ஒரு வார்த்தை பேசிக்கல. ஒருத்தர் வாயையே ஒருத்தர் பாத்துக்கிட்டுப் போனாங்க."

"பங்காளிச் சண்டையா இருக்கும்மா," என்றான் அணில். "எங்களுக்குள்ள சண்டையே வராது. இவ வாயத் திறந்தாத்தானே."

"நீங்க மூடினாத்தானே நான் திறக்க," என்றாள் அவள்.

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். அவள் உருளையைக் கட்டும் கயிற்றை அடிமரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, கண்ணிக்குள் நுழைத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பி இன்னொரு சுற்றுப் போட்டாள். மிஞ்சிய வாலை முறுக்கி முறுக்கி உள்ளே செருகிவிட்டு உருளையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"கட்டியாச்சு, இழு."

மனசு கேட்பதற்கு முன்பே கை கயிற்றைப் பிடித்துவிட்டது. கையை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள். அதைத்தான் இத்தனை நாளும் நம்பிக்கை என்று நினைத்திருந்தாள். ஆனால் காலை ஊன்றிய நேரத்தில் ஏதோ உறுத்தியது. அவன் குரல்தான், அதே கரகரப்புதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை. அவ்வளவு உயரம் ஏறியவன், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் மாதிரிப் பேசினான்.

கயிற்றை விடாமல் நான்கு எட்டு பின்னால் வந்து அண்ணாந்து பார்த்தாள். இலைகளின் இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது. கயிற்றின் வாலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளின் விரல்களும் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே இருந்தன.

"என்ன யோசிக்கிற? இழு," என்றது அவன் குரல்.

அவன் வாய் அசையவில்லை.

சுட்டுக்கொண்டவள் போலக் கயிற்றை உதறினாள். இழுத்திருந்தால் அந்த விரல்கள் மரத்தோடு நசுங்கியிருக்கும். சத்தம் போட அவளுக்குத் துணிவு வரவில்லை. அவன் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்து, இறங்கி வாருங்கள் என்று கையால் காட்டினாள்.

இறங்கி வந்தவனுக்கு இரைத்தது. "ஏன் இறங்கச் சொன்ன?"

"நீங்க இன்னும் கட்டி முடிக்கலையே."

"முதல்லயே முடிச்சுட்டேன். நீதானே தப்பா இருக்கு, அவுத்துக் கட்டுங்கன்னு கத்தின? அதான் அவுத்தேன்."

அவள் கீழே நின்றபோது வாயே திறந்திருக்கவில்லை. அதை அவன் அவள் முகத்திலேயே படித்துவிட்டான். உதட்டில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"மேல இன்னொரு கப்பியும் தொங்குது," என்றான் மெதுவாக. "அவனுங்களோடதா இருக்கும். அதுவும் பாதிக் கட்டுலதான் நிக்குது."

அடிமரத்தில் இருந்ததை மட்டும் அவிழ்த்துக்கொண்டார்கள். தங்கள் கப்பியை எடுக்க அவன் ஏறவில்லை. ஏறச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"கொஞ்சம் இங்க வா."

நேற்றாக இருந்தால் கத்தியைக் கீழே போடாமலே போயிருப்பாள். இப்போது அப்படியே நின்றாள். குரலில் களைப்பு இருந்ததா, இல்லையா என்று மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தாள். இப்படி ஒருநாளும் அவள் அவன் குரலை எடைபோட்டதில்லை.

காலடிச் சத்தம் நெருங்கியது. அவன் வாசற்படியில் வந்து நின்றான். அவன் பார்வை அவள் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது.

"கூப்பிட்டியா?" என்றான்.

அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.