உலராத ஒட்டு

பிரசவ ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஜன்னலிலிருந்து ரிம்மா ஒரு கயிற்றை இறக்கினாள். கீழே ஈர இலைகளின்மேல் நின்றுகொண்டு, அவளோடு வேலை செய்யும் நினெல் அதன் நுனியில் ஆப்பிள் பையையும் கெஃபிர் என்னும் புளித்த பால் புட்டியையும் கட்டினாள். பார்க்க வந்தவர்களை உள்ளே விடுவதில்லை. அவளைச் சுற்றிக் கணவன்மார்கள் அண்ணாந்து நின்று, குழந்தையின் மூக்கு யாரைப்போல என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, நம்ம மகாராணி போய்ச் சேர்ந்தாளா?" என்று ரிம்மா மேலிருந்து கேட்டாள். வேலையைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து நிலவுக்குப் போன கலத்துக்கு அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் அது.

"சேர்ந்துட்டா. ஆனா ஒழுங்கா உட்காரல. விழுந்துட்டா."

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "மாமியாருங்களா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

மேலே ரிம்மா சிரிக்கவில்லை. "சவேலிச் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. நீ உடம்பப் பாத்துக்க."

அது பொய். அன்று காலைதான் பட்டறைத் தலைவர் சவேலிச் நினெலை மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசியிருந்தார். கலத்தின் உச்சியில் ஒரு உருண்டை இருந்தது. அது நிலவில் அடிபடாமல் இறங்குவதற்காக அதைச் சுற்றி ஊதி விரியும் ரப்பர் பைகளை ஒட்டியவர்கள் நினெலும் ரிம்மாவும். ஒரே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு நுனியிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். கடைசிப் பைக்கு நேரம் போதவில்லை. பசையைச் சீக்கிரம் உலர்த்த சவேலிச் ஒரு சூட்டு விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். "இது உலரல. பை கிழிஞ்சா நீங்களா போய்த் தாங்குவீங்க?" என்று நிறைமாத வயிற்றோடு ரிம்மா சண்டைக்குப் போனாள். நினெல் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் இருவருமே ஒட்டி முடித்தார்கள்.

"நாளைக்கு விசாரணைக் குழு வருது," என்றார் சவேலிச் படிக்கட்டில். "பை கிழிஞ்சிருக்கும்னு பேசிக்கிறாங்க. அந்த ஒட்டு ரிம்மாவோடதுன்னு சொல்லிடு. பச்சை உடம்புக்காரிய யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. ஒரு கண்டிப்பு, அதோட முடிஞ்சிடும். விளக்கப் பத்தி வாயத் திறக்காத. உங்கம்மா அந்த ஒத்த ரூம்ல இன்னும் எத்தன குளிர்காலம் இருமிக்கிட்டுக் கிடப்பாங்க? வசந்தத்துல தொழிற்சாலை குடுக்கற புது வீட்டுக்கு உன் பேரத்தான் சொல்லப்போறேன்."

சிகரெட்டைப் பற்றவைத்து, புகை அவள் முகத்தில் படாமல் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் என்று நினைத்துவிட முடிந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் விசாரணை அறைக்குள் போகும்வரை என்ன சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. ஒட்டு யாருடையது என்று குழுவிலிருந்த சாம்பல்நிறக் கோட்டுக்காரர் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாதி என்னோடது, பாதி அவளோடது. எந்தப் பாதி கிழிஞ்சுதுன்னு தெரியாது. விளக்கு தலைவர் வெச்சது. உலரலன்னு ரிம்மா சொன்னா. நான் பேசாம இருந்தேன்."

சவேலிச் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்காரர் தன்மையாகவே அடுத்ததைக் கேட்டார்: "உலரலன்னு தெரிஞ்சும் ரெண்டு பேரும் ஏம்மா ஒட்டினீங்க?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தாள்.

சவேலிச் வேறு ஊருக்குப் போனார். நினெலை மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். புது வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. பேறுகால விடுப்பு முடிந்து வந்த ரிம்மாவுக்கும் பட்டறையின் வெள்ளை மேலங்கியைத் தரவில்லை. பஞ்சு வைத்த பழைய சட்டையோடு கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"அவன் சொன்னதச் சொல்லியிருந்தா எனக்கு ஒரு கண்டிப்போட போயிருக்கும்," என்றாள். "ஊரவிட்டுப் போறப்ப அவனே வந்து சொல்லிட்டுப் போனான்."

"செய்யாத தப்புக்கு உம்மேல பழி விழக் கூடாதுன்னுதான்…"

"எனக்கு எது வேணும்னு எங்கிட்ட கேட்டியா? ஆஸ்பத்திரிக்கு வந்து ஆப்பிள் மட்டும் கட்டிவிட்டியே, அப்பக் கேக்கறதுக்கென்ன?"

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு சுத்தியல்களின் சத்தம்தான். வீட்டில் அம்மாவின் இருமல்.

பிப்ரவரியில் ஒரு நாள் முற்றத்து ஒலிபெருக்கி அலறியது. இன்னொரு கலம் நிலவில் மெல்ல இறங்கி, உடையாமல் உட்கார்ந்து, படம் அனுப்புகிறதாம். எல்லோரும் பனியில் ஓடினார்கள். ஆணிகளை வாயில் வைத்திருந்த அந்த இருவர் மட்டும் உள்ளேயே நின்றார்கள். பெட்டி எடுக்க வந்திருந்த இளம் பொறியாளர் சந்தோஷத்தில் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அக்டோபர்ல போன கலமும் இறங்கியிருக்கும்க்கா. எஞ்சின் முன்னாடியே எரிஞ்சு தீந்துடுச்சு, பாவம். பைக்கு எல்லாம் வேலையே வரல." சொல்லிவிட்டு அவரும் முற்றத்துக்கு ஓடினார்.

நினெல் ரிம்மாவைப் பார்க்கவில்லை. வெளியே யாரோ அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். தரையில் நீளமான மூடிப்பலகை ஒன்று கிடந்தது, ஒற்றை ஆளால் தூக்க முடியாதது. நினெல் குனிந்து தன் பக்கத்து முனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். ரிம்மா வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டு, பனி வெளிச்சம் விழுந்த வாசலையே பார்த்தபடி இருந்தாள். சரிந்து நின்ற பலகையின் மறுமுனை, அவள் காலடியில், மரத்தூளில் புதைந்திருந்தது.