போலும்புவின் ஒரு சாண்

மட்டேட்டேயில் குடியிருக்கும் போலும்பு மல்லாந்து படுத்தால் அவள் முதுகு தரையில் படாது. ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவள் அம்மா கொசுவலையை ஒரு சாண் தூக்கிக் கட்டினாள். அதோடு விஷயம் முடிந்தது. மழைக்காலத்துக் கின்ஷாசாவில் கவலைப்பட வேறு ஆயிரம் இருக்கிறது.

இருபது வயதில் அவள் மல்யுத்தத்துக்கு வந்தாள். எதிராளியின் இரண்டு தோளையும் மேடையில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ணினால் வெற்றி. அவள் தோளை அழுத்த யாராலும் முடியவில்லை. இனி இவளுக்குத் தோல்வியே கிடையாது என்று தெருவே பீர் குடித்துக் கொண்டாடியது. அவள் யார்மேல் விழுந்து அழுத்தினாலும் அவர்களும் கூடவே ஒரு சாண் உயர்ந்துவிடுகிறார்கள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. நடுவர் கிம்பேம்பே குப்புறப் படுத்து, கீழே கிடப்பவரின் முதுகுக்கும் மேடைப் பலகைக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பார். கை தாராளமாகப் போய்வரும். "படல" என்பார். எல்லா ஆட்டமும் சமன்.

சமன் செய்பவளை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. காலையில் மிகாதே பணியாரம் சுட்டு விற்றுவிட்டு, மசினா, கிசென்சோ என்று கூப்பிட்ட இடத்துக்குத் தனியாகப் போய் ஆடினாள். ஆட்டத்தன்று பித்தளை வாத்தியங்களோடு தெருத்தெருவாக ஊர்வலம் போகும். பட்டம் வென்றவர் வண்டியின் கூரைமேல் உட்காரலாம். மற்றவர்கள் பின்னால் புழுதி தின்றபடி நடக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் நடந்தாள். அந்தக் கூரையைத் தவிர வேறெதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

கடைசியில் சாம்பியன் டேங்கர் மஃபுட்டா என்பவளோடு ஆட்டம் அமைந்தது. இதுவும் சமனில் முடிந்தால் இனி அவளுக்கு மேடை கிடையாது என்று சங்கம் சொல்லிவிட்டது.

"ஏய் போலும்பு, இன்னிக்காவது முடியுமா? இல்ல, ராத்திரிக்கும் ஃபுஃபு களி கட்டிக்கிட்டு வரணுமா?" என்றான் ஊர்வலத்தில் டிரம்பெட்காரன்.

"நீ ஊதுறத நிறுத்துனாலே பாதி ஜனம் பிழைச்சுக்கும், போடா!" என்றாள்.

அந்த ஊர் மல்யுத்தத்தில் மந்திரமும் ஒரு பிடிதான். இரண்டு பக்கத்து மந்திரவாதிகளும் பொடி தூவினார்கள். எல்லாரும் தும்மினார்கள். நெடுநேர மோதலுக்குப் பிறகு போலும்பு டேங்கரைத் தூக்கிப் போட்டு மேலே விழுந்தாள். இருவரும் ஒரு சாண் உயர்ந்தார்கள். கிம்பேம்பே வழக்கம்போல் கையை நுழைத்தார்.

"படல."

அவள் எழப் பார்த்தாள். கீழேயிருந்து டேங்கர் முணுமுணுத்தாள். "அடியே, எந்திரிக்காத."

"என்னக்கா?"

"இடுப்பு வலிக்கலடி. இருபது வருஷமா பலகையில விழுந்த இடுப்பு. இப்ப எந்திரிச்சே, கொன்னுருவேன்."

அடுத்த மூச்சு குறட்டையாக வந்தது.

அசைவில்லாமல் கிடப்பவரின் கையை நடுவர் மூன்று முறை தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் விழுந்தால் தோல்வி. கிம்பேம்பே தூக்கினார். மூன்று முறையும் கை தொப்பென்று விழுந்தது. டேங்கரின் மந்திரவாதி மேடையில் ஏறிக் குதித்தான். "மயக்கு மந்திரம் போட்டுட்டா!"

"போட்டா என்ன? மந்திரம் செல்லும்," என்றார் கிம்பேம்பே. "வெறும் தூக்கம்னா சொல்லு, ஆட்டத்தை ரத்து பண்றேன்."

சாம்பியன் சும்மா தூங்குவாளா என்று கூட்டம் சிரித்தது. போலும்புவுக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்தது. அதற்குள் டேங்கர் கண் விழித்தாள். சுற்றிப் பார்த்தாள். மேடையில் தூங்கிப்போன சாம்பியன் மறுநாள் மசினா சந்தைக்குள் கால் வைக்க முடியாது. "மந்திரம்தான், வேற என்ன?" என்று உறுமிவிட்டுத் தானே பித்தளை சாம்பியன் பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு போலும்புவின் காதருகே குனிந்தாள். "வியாழக்கிழமை உன் வீட்டுக்குத் தூங்க வர்றேன். பீர் என் செலவு."

போலும்பு மட்டேட்டே வரை கூரைமேல் போனாள். டிரம்பெட்காரன் உதடு வீங்கும்வரை ஊதினான்.

மறுநாள் மதியம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே படுத்தாள். எத்தனையோ பேர் அழுத்தியும் படாத முதுகு, அந்தப் பித்தளையின் கனத்தில், பிறந்த பிறகு முதல் தடவையாக மெத்தையில் பட்டது. பஞ்சு அங்கங்கே முடிச்சாகி உறுத்தியது. பாவம், எல்லாரும் இதிலா தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தன் இடத்துக்கு உயர்ந்து, நன்றாகத் தூங்கினாள்.