கணக்கு டீச்சர் சொன்ன சபாஷ்

கணக்கு டீச்சருக்கு முப்பது வயதில் பார்வை போனது. அதற்குப் பிறகும் பதினாறு வருடமாக அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுத்துக்கொண்டிருந்தார். காலையில் கொண்டுபோய் விடுகிறவர் அவருடைய வீட்டுக்காரர், பஸ் டிரைவர். அவருக்கு அதிகாலை ஷிப்ட் வந்ததும், டீச்சர் தினம் ஒருவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. முழங்கை கொடுத்தவர்கள் வழி நெடுக வீட்டுக் கதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வழிகாட்டி நாய்ப் பயிற்சி மையத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்.

மையத்தில் முதல் இரண்டு நாள் நாயே கிடையாது. பயிற்சியாளர்தான் நாய். நாயின் முதுகில் மாட்டுகிற வாரைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். அதன் கைப்பிடியைப் பிடித்தபடி டீச்சர் போக வேண்டும். ஒரு படி வந்தது. அவர் நின்றார். டீச்சரும் நின்றார். ஒரு நிமிடம் போனது.

"ஏன் தம்பி நிக்கிறீங்க?"

"படி வந்திருக்கு, டீச்சர். நான் சரியா நின்னுட்டேன். நீங்க பாராட்டணும்."

"நிக்கிறது நாயோட வேலை. அதுக்கு எதுக்குப் பாராட்டு?"

"அதுக்குச் சம்பளமே அதுதான்."

"என்கிட்ட நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளைக்கே 'ம்'னுதான் சொல்வேன்."

"'ம்' சொன்னா நாய்க்குப் புரியாது, டீச்சர். அது அல்ஜீப்ரா படிக்கல."

மூன்றாம் நாள் பட்டன் வந்தது. கறுப்பு லாப்ரடார், பெண். வந்ததும் வராததுமாக ஈர மூக்கை டீச்சரின் உள்ளங்கையில் ஒற்றியது. அன்று சாயங்காலம் மையத்தின் நீளப் பாதையில் இருவரும் நடந்தபோது, டீச்சரின் முகத்தில் காற்று அடித்தது. இத்தனை வருடமாக மற்றவர்கள் வேகத்துக்கே நடந்து பழகியதில், தன் நடை எவ்வளவு வேகமானது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆனாலும் பட்டனைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டன் இரண்டு நாள் பொறுத்தது. மூன்றாம் நாள் கடைத்தெருவில், ஒரு செருப்புக் கடை வாசலில், அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"முன்னால போ," என்றார் டீச்சர். பட்டன் அசையவில்லை. ஒன்பதாம் வகுப்பை நடுங்க வைக்கும் குரலில் மறுபடி சொன்னார். பட்டன் கொட்டாவி விட்டது. பத்தடி பின்னால் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் வெளியே வந்தார். "உள்ள வாங்கம்மா, புது மாடல் வந்திருக்கு."

"நான் வாங்க வரலைங்க. இது கிளம்பினா நானும் கிளம்பிடுவேன்."

டீச்சர் நாய் பக்கம் குனிந்து, "பரவாயில்லை," என்றார். பலிக்கவில்லை. "திருப்திகரம்," என்றார். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டனின் காதோடு வாய் வைத்து என்னவோ சொன்னார். வால் தரையில் டப் டப்பென்று அடித்தது. எழுந்து நடந்தது.

"என்ன டீச்சர் சொன்னீங்க?" பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"அது எங்களுக்குள்ள."

அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு கிசுகிசு நடந்தது. கடைசி வாரத் தேர்வில் நாற்சந்தியைக் கடக்கும்போது, பட்டன் திடீரெனக் குறுக்கே நின்று டீச்சரை மறித்தது. சத்தமே போடாத பேட்டரி கார் ஒன்று அவர் புடவையை உரசுகிற மாதிரி திரும்பிப் போனது. அந்தக் காற்று கால் மேல் பட்ட பிறகுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்தது.

"சபாஷ்டி என் ராசாத்தி," என்று நடுரோட்டில் வாய்விட்டுச் சொன்னார். போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த பெண் போலீஸ் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

தேர்வில் இருவரும் தேறினார்கள். பள்ளிக்குப் போன முதல் நாள், வகுப்பு வாசல், மேசை, நாற்காலி என்று பட்டன் காட்டக் காட்ட டீச்சர் கொஞ்சியதை ஒன்பதாம் வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், எங்களை ஒருநாள்கூட இப்படிச் சொன்னதில்லையே?"

டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நான் படின்னு சொல்லாமலே அது படியைப் பார்த்து நிக்குது. உன்னை எத்தனை தடவை படின்னு சொல்லியிருக்கேன்?"

வகுப்பு சிரித்தது. கேட்டவளும் சிரித்தாள். பட்டன் மேசைக்கடியில் படுத்துத் தூங்கப் போனது. டீச்சர் சாக்பீஸை அந்தப் பெண்ணிடமே நீட்டி, முதல் கணக்கைப் போடச் சொன்னார்.