நீர்மாலைக்குப் போனவர்கள்

செல்லத்தாய் இறந்துபோன கணவனின் தாடையை ஏந்திப் பிடித்து, நாடிக்கட்டின் முடிச்சை உச்சந்தலையில் இறுக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் முறையான சுடலை வந்து வாசலில் நின்றான். அவன் அழவில்லை. மம்பட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஓவர்சியரு மத்தியானத்துக்குள்ள கண்மாய்க்கு வந்துருவாராம், மதினி."

அவளுக்குத் தெரியும். நேற்று இரவு வரை கணவன் நல்லகாமன் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆலை மூடியபின் தெருவில் நின்ற ஆட்களையும், மழை பொய்த்ததால் களையெடுப்புக்கூடக் கிடைக்காத பெண்களையும் சேர்த்து ஆனையூரில் அவன் ஒரு சங்கம் கட்டியிருந்தான். வறட்சி நிவாரணத்தில் ஊர்க் கண்மாயைத் தூர்வாரும் வேலை ஊருக்கே வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். ஆனால் ஓவர்சியர் வரும்போது ஊர் ஆட்கள் கண்மாயில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காண்ட்ராக்டர் லாரியில் கொண்டுவரும் ஆட்களுக்கு வேலை போய்விடும். அந்த நாளின் விடியலில்தான் நல்லகாமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை.

இழவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை யாரும் வேலைக்குப் போவதில்லை. அடுப்பில் உலை வைக்க வழியில்லாதவன்கூடப் போகமாட்டான். மகளோ கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். சாயங்காலத்துக்கு முன்னால் எடுக்க முடியாது. செய்தி எட்டியதுமே காண்ட்ராக்டர் லாரிக்குச் சொல்லிவிட்டதாக மரியராஜ் வந்து சொன்னார். ஆலையில் நல்லகாமனுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர் அவர். சங்கத்தின் மனுக்களெல்லாம் அவர் எழுதியவை.

நல்லகாமனின் அண்ணன் பேயாண்டி வாசலை மறித்தாற்போல் நின்றார். "போறவன் போகட்டும்னு மட்டும் சொல்லிராத, தாயி. பொணத்தப் போட்டுட்டுக் கூலிக்குப் போன தெருன்னு ஊரு காறித் துப்பும்."

செல்லத்தாய் கணவனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். நிறைய நடந்த கால்கள். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீர்மாலைக்குப் போகலாம்ல?"

உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. கொட்டு மேளம் முன்னால் போகும். பங்காளிகள் குடத்தோடு போவார்கள். திரும்பும்போது தலைக்கு மேல் வேட்டி விரித்துப் பிடித்துவருவார்கள்.

"அது எடுக்குற நேரத்துக்குப் பண்றது. மக வராம நீர்மாலையா?"

"அவ வார வரைக்கும் தண்ணி கெட்டா போயிரும்?"

"சரி, பம்பு இருக்கு. நாலு பேரு போனாப் போதும்."

"பம்புல வேணாம். கண்மாயில எடுத்தாங்க."

"வெடிச்சுக் கெடக்கு கண்மாய். தண்ணி எங்க இருக்கு?"

"தோண்டுங்க."

கொட்டு மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சுடலைக்குத்தான் முதலில் புரிந்தது. சாவு வீடு என்பதை மறந்து சிரிக்கப்போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

பேயாண்டி அவளையே பார்த்தார். "எம்புட்டுப் பேரு போறதாம்?"

"ஒங்க தம்பிக்குப் பங்காளி எம்புட்டுப் பேரோ அம்புட்டுப் பேரும்."

மரியராஜ் தயங்கினார். தான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், வரலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதற்குள் கூடையைத் தலையில் கவிழ்த்திருந்த சங்கத்துப் பெண் முருகம்மாள், "மம்பட்டி வேதமெல்லாம் பாக்காதுண்ணே, வாங்க" என்றாள்.

கொட்டு முழங்க, தெரு முழுவதும் எழுந்து போனது. பங்காளிகளில் மூத்தவர் என்பதால் பேயாண்டியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியிருந்தது.

பிறகு வீட்டில் அவளும் நல்லகாமனும் மட்டும் இருந்தார்கள். ரயில் போய்விட்ட ஸ்டேஷன் மாதிரி இருந்தது தெரு. சாவு வீட்டில் இப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சங்கம் தொடங்கியபின் அவர்கள் இருவரும் தனியாக இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. அவன் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டியபடி இருந்தாள். தூரத்தில் கொட்டுச் சத்தம் தேய்ந்து நின்றது. நின்ற சத்தம் மறுபடி எழவே இல்லை. அடித்து விரட்டிவிட்டார்களோ என்று வாசல் பக்கம் திரும்பினாள். அவனைத் தனியே விட்டு எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது.

வெயில் வாசல்படியில் ஏறியபோது ரோட்டில் லாரி இரைந்தது. கதவு வழியே பார்த்தாள். பின்னால் நின்றிருந்த ஆட்கள் கூடைகளோடு நகரத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் போட்டிருந்த பந்தலைக் கண்டதும் அவர்களில் ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டான். அவனும் ஒட்டிய வயிற்றுக்காரன்தான்.

அதன்பிறகு கொட்டு கேட்டது. போனபோது அடித்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

நடந்ததை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். ஓவர்சியர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது கண்மாய் நடுவில் ஆளுயரப் பள்ளம் விழுந்திருந்ததாம். இது வேலையில்லை, சாவுச் சடங்கு என்று காண்ட்ராக்டர் கத்தினாராம். அப்படியென்றால் சடங்கை நிறுத்திப் பாருங்கள் என்று முருகம்மாள் சொன்னாளாம். ஓவர்சியர் பள்ளத்தையும் ஆட்களையும் பார்த்துவிட்டு, டேப்பைப் பிடித்து அளந்து, இன்றைக்கே வேலை தொடங்கியதாக எழுதச் சொல்லிவிட்டாராம். பெண்களுக்கும் அதே கூலிதானே என்று மரியராஜ் மூன்று தரம் கேட்டாராம். மூன்றாம் தரம் ஓவர்சியருக்குக் கோபம் வந்து, ஆமாம் என்று கத்தினாராம்.

பேயாண்டி முழங்கால் வரை களிமண்ணோடு வந்து குடத்தை இறக்கினார். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"தெளியட்டுமா?" என்றாள் முருகம்மாள்.

"அப்படியே ஊத்து, தாயி," என்றார் பேயாண்டி.

மகள் வந்து சேர்ந்தபின், சாயங்காலம், வெள்ளைக் கோடித்துணி போர்த்தித் தூக்கினார்கள். பாடைக்குத் தோள் கொடுக்க இத்தனை பேர் முண்டியடித்து அந்தத் தெரு பார்த்ததில்லை. யாரும் கை கழுவியிருக்கவில்லை. தலைப்பக்கத்திலும் விலாப்பக்கத்திலும் கோடித்துணி முழுக்கக் களிமண் விரல்கள் பதிந்தன.

மகள் பதறிப்போய் முந்தானையால் துடைக்க வந்தாள். செல்லத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.