தொண்ணூற்று நாலு கிலோ மச்சான்

இதில் ஒரு வரி பொய்யாக இருந்தாலும் என் பல்செட் வாயிலேயே உடைந்து போகட்டும். போன மாதம்தான் கட்டியது. சும்மா சத்தியம் செய்வேனா?

டயர் கடைச் சுவரில்தான் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். புதியவர்களுக்கான கார் போட்டி. காலி மைதானத்தில் கூம்புகளை வைப்பார்கள். அவற்றின் நடுவே ஒவ்வொரு காராக வளைந்து ஓடி வர வேண்டும். யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு வெற்றி. ‘வீட்டுக் காரே போதும், செலவு குறைவு’ என்று போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில், எழுபது முடிந்தவர்களுக்கு அனுமதியில்லை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபது முடிவது திங்கட்கிழமை.

கோப்பையெல்லாம் எனக்கு வேண்டாம். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். வேகமானி முள்ளை ஒரு நாளும் நாற்பதைத் தாண்ட விட்டதில்லை. முடிவுத் தாளில் என் பெயருக்கு எதிரே ஒரு நேரம், அது போதும்.

செலவு குறைவு என்று எழுதியவன் என் கையில் கிடைக்க வேண்டும். பழைய ஹெல்மெட் வாங்கினேன். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சான்று ஸ்டிக்கர் காலாவதியாம். “தலை இன்னும் காலாவதி ஆகலையே” என்றேன், போட்டி நடத்துபவரிடம் போனில். மறுமுனையில் சிரிக்கக்கூட இல்லை. தீயணைப்பான் வாங்கினேன், அதைப் பிடிக்க இரும்புப் பட்டை வேண்டுமாம். பட்டை வாங்கினேன், போல்ட் தனியாம்.

மெக்கானிக்தான் வழி சொன்னார். “எஞ்சின்ல கை வச்சா உங்க பென்ஷன் தாங்காது பெரியவரே. எடையைக் குறைங்க. அதுக்குக் காசு வேணாம், ஸ்பேனர் போதும்.”

பின்சீட், தரைவிரிப்பு, ரேடியோ, கதவின் உள்தகடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அப்புறம் பெயின்ட்டையும் சுரண்டினேன்.

“ஒரு ஆணி அடிங்கன்னா ஆறு மாசம் ஆகும். இதுக்கு மட்டும் கை எப்படி ஓடுது பாரு!” என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை கார் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. காற்று தள்ளியிருக்கிறது. அன்றிலிருந்து துணிக்கொடிக் கயிற்றால் தூணில் கட்டி வைத்தோம். சோதனை ஓட்டத்தில் ஒரு வேகத்தடை மேல் ஏறினேன். வண்டி கீழே இறங்குவதற்குள் இரண்டு தடவை தும்மி, கண்ணாடியையும் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு வந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. உதவிக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. மைதானத்தில் காரை எடை மேடையில் ஏற்றினார்கள். பரிசோதகர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தொண்ணூத்து நாலு கிலோ குறையுது. இந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச எடைன்னு ஒண்ணு இருக்கு. நோட்டீஸ்ல படிக்கலையா?”

ஒரு வாரம் முதுகு ஒடியக் கழற்றியதெல்லாம் வீட்டில் கிடந்தது. போய்வர நேரமில்லை. என் கண் மச்சான் மீது விழுந்தது.

“மாமா, அப்படிப் பாக்காதீங்க.”

அவனை மேடையில் நிறுத்தினேன். சரியாகத் தொண்ணூற்று நாலு. இருபத்தைந்து வருஷம் என் வீட்டில் தின்றதற்கு முதல் தடவையாகப் பலன்.

“பயணிக்கு அனுமதி இல்லீங்க” என்றார் பரிசோதகர்.

“இவன் பயணி இல்ல சார். எடை.”

அவர் விதிப்புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். “எடைன்னா மேலே கிலோ எழுதணும். போல்ட் போட்டு இறுக்கி சீல் வைக்கணும். ஓடும்போது அசையக் கூடாது.”

மச்சானின் சட்டையில் 94 என்று எழுதினோம். பெல்ட்டை முறுக்கிப் பூட்டி, ஈயமுத்திரை வைத்தார்கள். எங்களுக்கு முன்னால் முப்பத்தேழு கார்கள்.

“மாமா, அவசரமா ஒண்ணுக்கு வருது.”

“சீலை உடைச்சா முதல்லேர்ந்து வரிசையில நிக்கணும். பொறுத்துக்கடா.”

“நீங்க என் அக்காவைக் கட்டின அன்னிக்கே பொறுக்க ஆரம்பிச்சவன்தான் நான்!”

கொடி விழுந்தது. முதல் கூம்பைத் திரும்பும்போது எங்கள் நிழல் இன்னும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. நான்காவது கூம்பில் மச்சானின் அலறல் எங்களைப் பிடிக்க முடியாமல் பின்தங்கியது. முப்பத்தெட்டே வினாடி. மைதானமே எழுந்து நின்றது.

உடனே மறுபடி எடை மேடை. பரிசோதகர் குனிந்து பார்த்தார். “முந்நூறு கிராம் குறையுது.”

“எப்படிக் குறையும்? சீல் அப்படியே இருக்கே!”

“எடைக்கு வேர்த்திருக்கு.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். நான் வெயிலில் நின்று கத்தினேன், கெஞ்சினேன், நாளைக்கு எழுபது முடியுது என்றேன். கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். “பரிசு கிடையாது. ஆனா பெரியவர் ஆசைப்படுறீங்க. நேரத்தை மட்டும் எழுதிடறேன்.” என் கண்ணெதிரே எழுதினார்.

அந்தத் தாளின் நகலைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதில் முப்பத்தெட்டாம் எண்ணில் என் பெயர் இருக்கிறது. நேரத்துக்கான கட்டத்தில் ‘வரவில்லை’ என்று இருக்கிறது. நகல் எடுத்தவனின் கைப்பிழை அது, என் பல்செட் இன்னும் உடையவில்லையே.